ஸ்கீ போன இடத்தில் மலை காய்ந்து கிடக்கிறது, சரிவில் மட்டும் பனி. இது என்ன கதை?

செங்காங்_அப்பா · வெள்ளி, இரவு 10:42

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொரியா போய் வந்தோம். காங்வொன் பக்கம் ஒரு பனிச்சறுக்கு இடம். பெயர் வேண்டாம். விளம்பரப் படத்தில் காடு, கூரை, கார் எல்லாம் வெள்ளையாக இருந்தது. போய் இறங்கினால் மலை முழுக்கக் காய்ந்த புல். நடுவில் மட்டும் யாரோ நனைந்த வேட்டியை உலரப் போட்டது போல நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. அதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

இரவு முழுக்க விமானம் கிளம்புகிற மாதிரி இரைச்சல். சன்னலைத் திறந்து பார்த்தால் சரிவோரம் பெரிய பெரிய விசிறிகள் நின்று புகை மாதிரி எதையோ கக்கிக்கொண்டிருக்கின்றன. காலையில் மகள் பனியை உருண்டை பிடிக்கப் பார்த்தாள். ஒட்டவில்லை. சீனி மாதிரி உதிர்ந்தது. "அப்பா, இது போலிப் பனியா?" என்று கேட்டாள். தலைக்கு இத்தனை வெள்ளி கட்டிப் போய்விட்டு ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதை எப்படிச் செய்கிறார்கள்? ஏதாவது மருந்து கலக்கிறார்களா? மகளுக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

ஏர்கான்_ஆள் · வெள்ளி, இரவு 11:20

அண்ணே, துவாஸில் கோல்ட் ரூம் வேலையில் இருபது வருஷம் ஓட்டியவன் நான். பனி பெய்து பார்த்தது இரண்டே தடவை, ஆனால் அந்த விசிறியின் சூத்திரம் நம் தொழில்தான்.

விசிறியின் வாயைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சிறு துளைகள் இருக்கும். அவற்றின் வழியாகத் தண்ணீர் தூவானமாக வரும். கூடவே சில துளைகளில் அழுத்திய காற்றும் தண்ணீரும் கலந்து வரும். அழுத்தக் காற்று வெளியே வந்ததும் விரிந்து கடுங்குளிராகும். அதில் மாட்டிய நீர்த்துளி உடனே பொடி ஐஸாக உறையும். அந்தப் பொடிதான் விதை. மற்றத் துளிகள் அதில் மோதி, காற்றில் பறக்கும்போதே உறைந்து கீழே விழும். 1950இல் அமெரிக்காவின் கனெடிகட்டில் ஸ்கீ மட்டை செய்துகொண்டிருந்த மூன்று பேர், அந்த வருஷம் பனி பெய்யாமல் வியாபாரம் படுத்ததும், பெயின்ட் அடிக்கும் கம்ப்ரசரையும் தோட்டக் குழாயையும் வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள்.

இதில் வெளி வெப்பநிலை மட்டும் கணக்கில்லை. ஈரக்குமிழ் வெப்பநிலைதான் கணக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு. மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? வெளிப்பக்கம் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பறக்கும் நீர்த்துளிக்கும் அதே கதை. காற்று உலர்ந்திருந்தால் துளியின் ஒரு பகுதி ஆவியாகி மீதியைக் குளிர வைக்கும். அதனால் வெளியே 1 டிகிரி இருந்தாலும் ஈரப்பதம் 30 விழுக்காடாக இருந்தால் பனி செய்யலாம். வெளியே சரியாக 0 டிகிரி, ஆனால் ஈரப்பதம் 95 என்றால் வெறும் மழைதான் வரும். ஈரக்குமிழ் ஏறக்குறைய மைனஸ் 2க்குக் கீழே போனால்தான் வேலை ஆகும். கொரியாவின் அந்தப் பக்கம் குளிர்காலம் எலும்பு வரை உலர்ந்திருக்கும். பனி குறைவு, ஆனால் பனி செய்ய வாகான காற்று. நம் சிங்கப்பூரில் ஈரக்குமிழ் 25, 26. இங்கே வெளியில் அந்த விசிறியை வைத்தால் துணி காயாததுதான் மிச்சம்.

உருண்டை பிடிபடாததற்குக் காரணம்: வானத்துப் பனி ஆறு கை விரித்துக்கொண்டு வரும், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். விசிறிப் பனி உருண்டை உருண்டையான ஐஸ் மணி. உலர்ந்த குளிரில் ஒட்டவே ஒட்டாது. எடையும் கூடுதல். புதிதாகப் பெய்த பனி ஒரு கன மீட்டர் 100 கிலோவுக்குள் இருக்கும். விசிறிப் பனி 400, 500 கிலோ வரும். சறுக்குகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும், சீக்கிரம் தேயாது.

ஜேசி_முதலாண்டு · சனி, காலை 8:05

அண்ணே, பாக்டீரியா போடுவார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா? சாப்பிட்டால் வயிறு கெடுமா?

ஏர்கான்_ஆள் · சனி, காலை 8:31

சூடோமோனஸ் சிரிஞ்சே என்று ஒரு பாக்டீரியா. செடி இலைகளில் இயல்பாக இருப்பதுதான். அதன் மேல்தோலில் உள்ள ஒரு புரதம் தண்ணீரை மைனஸ் 2, 3 டிகிரியிலேயே உறையத் தூண்டும். சுத்தமான துளி இன்னும் வெகுவாகக் குளிர்ந்தும் உறையாமல் முரண்டு பிடிக்குமே, அதற்கு இது மருந்து. பாக்டீரியாவைக் கொன்று உலர்த்திய பொடியாகத்தான் கலப்பார்கள். எல்லா இடத்திலும் இல்லை. சில நாடுகளில் தண்ணீரும் காற்றும் தவிர எதையும் சேர்க்க விடமாட்டார்கள்.

பனியைச் சாப்பிடாதே தம்பி. பாக்டீரியாவுக்காக இல்லை. அந்தத் தண்ணீர் எந்தக் குட்டையிலிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது.

தண்ணீர்க்_கணக்கு · சனி, காலை 10:14

விசிறியைப் பேசினால் போதுமா, குழாயின் அந்த முனையைப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் சரிவுக்கு 30 சென்டிமீட்டர் பனி போட ஆயிரத்துச் சொச்சம் கன மீட்டர் தண்ணீர் வேண்டும். ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் ஏறக்குறைய பாதி.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பனி கிட்டத்தட்ட மொத்தமும் விசிறிப் பனி. அங்கே இயற்கையாகப் பெய்வது மிகக் குறைவு, செயற்கைப் பனியையே முழுக்க நம்ப வேண்டியிருக்கும் என்று ஒலிம்பிக் குழுவின் மதிப்பீட்டு அறிக்கை 2015லேயே எழுதிவிட்டது. தெரிந்தேதான் கொடுத்தார்கள். செய்திகளில் அதிகம் அடிபட்ட கணக்கு 18.5 கோடி லிட்டர். அதைவிடப் பல மடங்கு சொன்னவர்களும் உண்டு.

ஆனால் ஒன்று. சிங்கப்பூர் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் தண்ணீர் 200 கோடி லிட்டரை ஒட்டி வரும். அந்த 18.5 கோடி நமக்கு இரண்டே கால் மணி நேரத் தண்ணீர். ஓர் ஒலிம்பிக் விளையாட்டே நம் ஊர் காலைக் குளியலுக்குக் காணாது. இதற்குப் போய் இவ்வளவு கூக்குரல் தேவையா?

மேக்ரிச்சி_நடையாளி · சனி, காலை 11:40

கணக்கு சரி ஐயா, ஒப்பீடு சரியில்லை. நம்மிடம் அணை இருக்கிறது, கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டர் இருக்கிறது, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. அங்கே மலைப்பக்கம் குளிர்காலம். ஓடையில் தண்ணீர் மிகக் குறைவாக ஓடும் மாதம் அதுதான், மேலே இருக்கும் தண்ணீர் உறைந்து நிற்பதால். சரியாக அந்த மாதத்தில்தான் விசிறிக்கும் தண்ணீர் தேவை. அள்ளிய அளவைச் சொல்கிறீர்கள், எங்கிருந்து, எப்போது அள்ளியது என்பதைச் சொல்லவில்லை. ஆல்ப்ஸில் இதற்காகவே மலை உச்சியில் பள்ளம் தோண்டி, பிளாஸ்டிக் விரித்து, நீர்த்தேக்கம் கட்டுகிறார்கள். பனிக்குப் பணம் கொடுப்பது நம்மைப் போன்ற விடுமுறைக்காரர்கள். பள்ளம் விழுவது அங்கே.

சரிவுக்கும் ஒன்று நடக்கிறது. இரவெல்லாம் வண்டி ஓட்டி அந்தப் பனியை அழுத்தி, சீவி, வழவழப்பாக்குவார்கள். இயற்கைப் பனிக்குள் காற்று நிறைய, அதனால் அது மண்ணுக்குப் போர்வை. அழுத்திய பனியில் காற்று இல்லை, போர்வைக் குணமும் போய்விடும். அடியில் மண் உறையும். வசந்தத்தில் பக்கத்துப் புல்வெளி பச்சையான பிறகும் சறுக்குப் பாதை மட்டும் வாரக்கணக்கில் வெள்ளையாகக் கிடக்கும். அங்கே பூ தாமதம், பூவுக்கு வரும் வண்டும் தாமதம்.

தண்ணீர்க்_கணக்கு · சனி, மதியம் 12:02

எப்போது, எங்கிருந்து என்ற கேள்வியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீர் காணாமல் போகவில்லை. ஒரு பகுதி ஆவியாகிறது, மீதி வசந்தத்தில் அதே பள்ளத்தாக்கில் இறங்குகிறது. தங்க நகையை அடகு வைத்த மாதிரி, விற்ற மாதிரி இல்லை.

மேக்ரிச்சி_நடையாளி · சனி, மதியம் 12:09

அடகுக்கு வட்டி உண்டு ஐயா. பம்ப்புக்கும் கம்ப்ரசருக்கும் மின்சாரம் யார் தலையில்?

மொன்றியல்_அக்கா · சனி, இரவு 9:55

பிடோக்கில் பிறந்து வளர்ந்து, கல்யாணம் கட்டி இங்கே வந்து பதினாறு குளிர்காலம் ஆயிற்று. நீங்கள் எல்லாம் காசு கொடுத்துப் பனியை வரவழைக்கிறீர்கள். எங்கள் ஊர் காசு கொடுத்து அதை வெளியேற்றுகிறது.

முதலில் கலப்பை வண்டி பனியைச் சாலையோரம் ஒதுக்கும். அப்புறம் ஆரஞ்சு நிறப் பலகை வைப்பார்கள், இன்னின்ன நேரம் இந்தப் பக்கம் வண்டி நிற்கக் கூடாது என்று. நேரம் நெருங்கினால் இழுவை வண்டி சைரன் ஊதிக்கொண்டே தெருவில் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் நைட்டிக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு காரை நகர்த்த ஓட வேண்டும். பின்னால் ராட்சத இயந்திரம் ஒன்று ஒதுக்கிய பனியை உறிஞ்சி லாரிக்குள் துப்பும். லாரிகள் அதைக் கொண்டுபோய்க் கொட்டும் இடங்களில் பெரியது பிரான்கோன் என்ற பழைய கல் குவாரி. ஒரு குளிர்காலத்தில் நகரம் இப்படி அள்ளுவது சுமார் 1 கோடியே 20 லட்சம் கன மீட்டர். குவாரியில் அது மலையாகக் குவிந்து, கோடையிலும் கரைந்து தீராமல் கறுப்பாகக் கிடக்கும். முதல் தடவை பார்த்தபோது நிலக்கரிக் குவியல் என்றே நினைத்தேன்.

அள்ளாத பனிக்கு உப்பு. உப்புத் தண்ணீர் 0 டிகிரியில் உறையாது, மைனஸ் 21 வரை கணக்குப்படி தாக்குப்பிடிக்கும். நடைமுறையில் மைனஸ் 10ஐத் தாண்டினால் சாதாரண உப்பு சோம்பிவிடும். அப்போது பொடிக்கல் தூவுவார்கள், வழுக்காமல் இருந்தால் போதும் என்று. இந்த உப்பு எங்கே போகும்? என் காரின் அடித்தகடு ஓட்டை. பூட்ஸில் வெள்ளை வெள்ளைக் கோடு. பக்கத்து வீட்டு நாய் காலைத் தூக்கித் தூக்கி நடக்கிறது, பாதம் எரிகிறது அதற்கு. மீதி சாக்கடை, ஓடை, ஏரி. வட அமெரிக்காவில் சாலைக்கு உப்புக் கொட்டும் பழக்கம் 1940களில்தான் பரவியது. அதற்கு முன்னால் நகரங்களில் பனியை அழுத்தி உருளையால் சமப்படுத்தி, அதன் மேலேயே குதிரைச் சறுக்குவண்டி ஓட்டினார்கள். கார் வந்ததும்தான் பனி எதிரியானது.

உருப்படியான யோசனை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலைப் பக்கம் வயலில் பலகை வேலி நிற்கும், பாதிக்குப் பாதி இடைவெளி விட்டு. முதலில் வேலியா, ஓட்டையா என்று சிரித்தேன். காற்று அதில் பட்டு வேகம் குறைந்ததும் சுமந்து வந்த பனியை வேலிக்குப் பின்னாலேயே போட்டுவிடும், சாலைக்கு வராது. உப்பும் இல்லை, லாரியும் இல்லை.

கோப்பி_ஓ_கோசோங் · சனி, இரவு 10:20

அக்கா, நைட்டிக்கு மேல் கோட்டு. சிங்கப்பூரை விட்டுப் போனாலும் நைட்டி விடவில்லை.

உட்லண்ட்ஸ்_தாத்தா · ஞாயிறு, காலை 6:12

எல்லாருக்கும் வணக்கம். மகன் வீட்டில் இருக்கிறேன், வயது எழுபத்தி நான்கு. எண்பதுகளில் இந்திய ராணுவத்தில் லடாக்கின் லே பக்கம் நான்கு குளிர்காலம் கழித்தவன். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கில் விவசாயத்துக்குக் கிடைப்பதே சில மாதங்கள். பனி தாமதமாக உருகினால் பார்லி விளையாது. அங்கே உள்ளவர்கள் இலையுதிர் காலத்திலேயே மண்ணை அள்ளி உலர வைத்து வீட்டுக்குள் பத்திரப்படுத்துவார்கள். வசந்தம் தொடங்கும்போது வயலில் கிடக்கும் பனி மேல் அதைத் தூவுவார்கள், நாற்றங்காலில் விதை தெளிப்பது போல வீசி. வெள்ளைப் பனி வெயிலில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மண் விழுந்த பனி வெயிலைக் குடிக்கும். தூவிய வயல் மற்றதைவிட வெகு முன்னதாகக் கறுத்துத் தெரியும்.

இதில் ஒரு சூட்சுமம். மெல்லிசாகத் தூவினால் உருகும். கூடை கூடையாகக் கொட்டினால் அதே மண் போர்வையாகி உருகாமல் காக்கும். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்துச் சாக்குப் போட்டு மூடி வைப்பார்களே, அது போல.

அந்தக் காலத்தில் எங்கள் பாசறையில் மண்ணெண்ணெய் புகாரி அடுப்பு இரவு பகலாக எரியும். புகைப்போக்கிக்குக் கீழே காற்றடிக்கும் பக்கம் பனி எப்போதும் சாம்பல் நிறமாக இருக்கும், அங்கேதான் முதலில் கரையும். அது யாரும் தூவியது இல்லை. அப்போது அதைப் பற்றி நான் யோசித்ததும் இல்லை.

பிறகு வி. ராமநாதன் அவர்களின் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். 1999இல் இந்தியப் பெருங்கடல் மேல் விமானமும் கப்பலும் அனுப்பி அளந்து, தெற்காசியாவின் மேல் நிற்கும் பழுப்பு மூட்டத்தை உலகுக்குக் காட்டிய குழுவில் முன்னின்றவர். விறகு, சாணி, டீசல், செங்கல் சூளை இவற்றின் கரித்துகள் அந்த மூட்டத்தில் உண்டு. அது இமயமலைப் பனியிலும் போய்ப் படிகிறது. எங்கள் புகைப்போக்கிக்குக் கீழே நடந்தது மலைத்தொடர் அளவுக்கு நடக்கிறது. மகள் போலிப் பனியா என்று கேட்டாளாம். நல்ல கேள்வி. ஆனால் விசிறிப் பனி எத்தனை மலையில் இருக்கிறது? மனிதன் கை படாத பனி என்று நாம் நினைப்பதில் எத்தனை மேல் நம் அடுப்புக்கரி இருக்கிறது?

ஜேசி_முதலாண்டு · ஞாயிறு, காலை 9:30

தாத்தா, லடாக்கில் ஐஸ் கோபுரம் கட்டுகிறார்களே, அதைப் பார்த்தீர்களா?

உட்லண்ட்ஸ்_தாத்தா · ஞாயிறு, காலை 10:01

நான் வந்த பிறகுதான் அது. அதற்கு முன்னோடி செவாங் நோர்பெல் என்ற பொறியாளர். 1987இலிருந்து செய்தார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடைத் தண்ணீரை ஊருக்குப் பக்கத்தில், நிழல் விழும் சரிவில், கல் வரப்பு கட்டிப் படிப்படியாக நிறுத்தி உறைய வைத்தார். ஏப்ரல், மே மாதம் விதைக்கும் நேரத்துக்கு அது உருகும். மேலே இருக்கும் உண்மையான பனியாறு ஜூனில்தான் உருகும், அதற்குள் பருவம் தப்பிவிடும். சோனம் வாங்சுக் 2013, 14 வாக்கில் அதையே நிமிர்த்தி வைத்தார். மேலேயிருந்து குழாயில் வரும் தண்ணீர் தன் அழுத்தத்திலேயே பீறிட்டு, குளிரில் உறைந்து கூம்பாக வளரும். கூம்புக்கு உடம்பு பெரிது, வெயில் படும் தோல் சிறிது. அதனால் நிழல் தேவையில்லை. பம்ப்பும் இல்லை தம்பி, மேக்ரிச்சி நடையாளி கேட்ட மின்சாரமும் இல்லை.

கோப்பி_ஓ_கோசோங் · ஞாயிறு, மதியம் 1:15

சுவிட்சர்லாந்தில் ரோன் பனியாற்றுக்கு வெள்ளைத் துணி போர்த்துகிறார்களாமே. அங்கே சுற்றுலாப் பயணிகள் போக ஐஸுக்குள் ஒரு குகை வெட்டி வைத்திருக்கிறார்கள். குகை கரையாமல் இருக்கத்தான் போர்வை. போர்த்திய இடத்தில் உருகுவது பாதிக்கு மேல் குறையுமாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் துணி கிழிந்து நூல் நூலாக ஆற்றில் இறங்குகிறது. பனியாறு முழுக்கப் போர்த்த எந்த நாட்டிடமும் காசு கிடையாது. சாகக் கிடக்கிற கிழவருக்குக் கால் விரலில் மட்டும் சாக்ஸ் போட்டுவிட்டு டிக்கெட் விற்கிற மாதிரி இருக்கிறது எனக்கு.

தண்ணீர்க்_கணக்கு · ஞாயிறு, மதியம் 1:40

தாவோஸில் செய்வது அதைவிடப் புத்திசாலித்தனம். குளிர்காலத்தில் செய்த பனியைக் குவித்து, மேலே 40 சென்டிமீட்டர் மரத்தூள் போட்டு, கோடை முழுக்க வைத்திருந்து, அக்டோபரில் விரித்து ஸ்கீ பாதை போட்டுவிடுவார்கள். முக்கால் பங்கு வரை மிஞ்சும். தாத்தா சொன்ன தஞ்சாவூர் ஐஸ் பாளக் கதைதான்.

பழைய_சிங்கை · ஞாயிறு, மாலை 4:48

மரத்தூள் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். இந்த ஊருக்கு முதல் ஐஸ் எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளிலிருந்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில். பிரெடரிக் டியூடர் என்பவர் தொடங்கிய வியாபாரம். 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பல் அனுப்பினார். சென்னையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் அந்த வியாபாரத்துக்காகக் கட்டியதுதான். இங்கே 1854இல் வாம்போ என்று ஊர் அழைத்த ஹூ ஆ கே, ஹில் ஸ்திரீட் முனையில் ஆற்றோரம் ஓர் ஐஸ் கிடங்கு கட்டினார். இப்போது நாம் கிளார்க் கீ என்று உலாத்தும் இடம். வாங்க ஆள் போதவில்லை, சில வருஷத்தில் நஷ்டம்.

இழைக்குச் சம்பந்தம் இருக்கிறது, பொறுங்கள். பாஸ்டனில் ஏரி உறைந்ததும் அதன் மேல் பனி பெய்தால் ஐஸ்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பனி போர்வையாகக் கிடந்தால் மேல்காற்றின் குளிர் ஏரிக்குள் இறங்காது, ஐஸ் தடிக்காது. அதனால் ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் குதிரை பூட்டிய வாரியால் ஏரி முழுவதையும் வழித்து எடுப்பார்கள். நிலத்தை உழுகிற மாதிரி பனியை உழுதார்கள். சிங்கப்பூரில் ஒரு துரையின் கோப்பையில் ஐஸ் மிதக்க, உலகின் மறுபக்கத்தில் ஏரி மேல் யாரோ பனி வாரினார்கள்.

நீகாட்டா_ரிட்டர்ன் · ஞாயிறு, இரவு 8:33

வேலை விஷயமாக ஜப்பானின் நாகாவோகாவில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். மொன்றியல் அக்கா, உங்கள் லாரியும் உப்பும் அங்கே கொண்டுபோக முடியாது. ஒரே இரவில் முழங்கால் வரை பெய்யும், அதுவும் ஈரப் பனி, தெருவோ ஒரு கார் அகலம். அவர்கள் சாலை நடுவில் குழாய் புதைத்து வைத்திருக்கிறார்கள். பனி பெய்யத் தொடங்கினால் சாலையிலிருந்தே சின்னச் சின்ன ஊற்று மாதிரி நிலத்தடி நீர் பீய்ச்சும். அந்தத் தண்ணீர் குளிர்காலத்திலும் 13 டிகிரி. பனி விழ விழக் கரைந்துவிடும். 1960களின் தொடக்கத்தில் அந்த ஊரில்தான் ஆரம்பித்தது.

முதல் நாள் எனக்குத் தெருவெல்லாம் பழுப்பாக இருப்பது ஏன் என்று புரியவில்லை. தண்ணீரில் உள்ள இரும்பு துருவாகப் படிந்திருக்கிறது. ஓரமாக நடந்தால் சப்பாத்துக்குள் தண்ணீர், ஊர்க்காரர்கள் எல்லாரும் ரப்பர் பூட்ஸ். இன்னொரு விலையும் கொடுத்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் இறைத்து இறைத்து, அந்த மாநிலத்தில் சில ஊர்களில் தரையே கீழே இறங்கியது. இப்போது பனி விழுவதை உணர்கருவி கண்டால் மட்டும் தண்ணீர் திறக்கும்படி மாற்றி வருகிறார்கள்.

அடுத்து ஹொக்கைடோ. சாங்கியிலிருந்து சப்போரோ போகிறவர்கள் எல்லாரும் நியூ சித்தோசே விமான நிலையத்தில்தான் இறங்குவீர்கள். அங்கே ஓடுபாதைப் பக்கம் வாரிய பனியைக் குவித்து மூடி வைத்து, கோடையில் அதன் குளிர்ந்த நீரால் முனையக் கட்டடத்துக்கு ஏர்கானுக்கு உதவி வாங்குகிறார்கள். மரீனா பேயில் பூமிக்கடியில் ஒரே ஆலையிலிருந்து பல கட்டடத்துக்குக் குளிர்நீர் ஓடுகிறதே, அதில் ஆலைக்குப் பதில் போன ஜனவரிப் பனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர்கான்_ஆள் · ஞாயிறு, இரவு 8:50

இது மட்டும் நம் முதலாளிகளுக்குத் தெரிந்தால் பனி இறக்குமதி செய்யச் சொல்வார்கள்.

செங்காங்_அப்பா · ஞாயிறு, இரவு 11:05

ஐயா, அக்கா, தாத்தா, எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி கேட்டேன், ஒரு கல்லூரியே நடத்திவிட்டீர்கள்.

மகளிடம் இன்று சொன்னேன். டாங்ளின் மாலில் கிறிஸ்துமஸுக்குக் கொட்டினார்களே, சோப்பு நுரை, அதுதான் போலி. கொரியாவில் பார்த்தது உறைந்த தண்ணீர், உண்மையான பனி, பிறந்த இடம்தான் மேகம் இல்லை, குழாய் என்றேன். "அப்போ யாரோட தண்ணி?" என்று கேட்டாள். சத்தியமாக நான் இந்த இழையை அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

தாத்தா சொன்ன மண் தூவும் விஷயத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. செய்து பார்க்க வேண்டுமாம். அடுத்த சனிக்கிழமை முடிவு சொல்கிறேன்.

செங்காங்_அப்பா · அடுத்த சனி, மாலை 3:26

முடிவு. உணவங்காடி நிலையத்தில் ஐஸ் கச்சாங் கடை அக்காவிடம் சீவிய ஐஸ் மட்டும் நான்கு கிண்ணம் வாங்கினோம். சிரப் இல்லாமல், கடலை இல்லாமல் என்றதும் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புளோக் கீழே, வெயிலில், மதியம் ஒரு மணி. ஒன்று வெறும் ஐஸ். இரண்டாவதில் கரித்தூள். மூன்றாவதில் திருநீறு, வெள்ளைக்கு அதைவிட வெள்ளை வீட்டில் இல்லை (மனைவியிடம் வாங்கிய திட்டு தனிக் கதை). நான்காவது கிண்ணத்தில் ஐஸ் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டு, சுற்றியும் மேலேயும் ஹாம்ஸ்டர் கூண்டுக்கு விற்கும் மரச்சீவலைக் கெட்டியாகப் போட்டோம்.

கரி முதலில் கரைந்தது. ஆனால் திருநீறு மூன்றே நிமிடம் பின்னால். வெறும் ஐஸும் கிட்டத்தட்ட அதே நேரம். மரச்சீவல் கிண்ணம் மட்டும் மற்றவை தண்ணீரான பிறகும் பாதிக்கு மேல் நின்றது. தாத்தா, நிறத்தால் பெரிய வித்தியாசம் இல்லையே? மகள் வெற்றிச் சிரிப்புச் சிரிக்கிறாள்.

ஏர்கான்_ஆள் · அடுத்த சனி, மாலை 4:02

தாத்தா சொன்னது தப்பில்லை, ஊர்தான் தப்பு. லடாக்கில் காற்று குளிர்ச்சியாகவும் வறண்டும் இருக்கும். பனியை உருக்கும் வேலையில் பெரும்பங்கு வெயிலுடையது. அதனால் நிறம் பேசும். நம் ஊரில் காற்றே 32 டிகிரி. அதைவிட மோசம் அதில் உள்ள ஈரம். குளிர்ந்த ஐஸ் மேல் அந்த ஈரம் வந்து தண்ணீராகப் படியும்போது தன் சூட்டை எல்லாம் அங்கே இறக்கிவிட்டுப் போகும். குளிர்பான டின் வியர்க்கிறதே, ஒவ்வொரு துளி வியர்வைக்கும் டின் சூடாகிறது. கரி, திருநீறு, வெறும் ஐஸ், மூன்றுக்கும் இந்த அடி ஒன்றுதான். மரச்சீவல் காற்றை உள்ளே விடவில்லை, அதுதான் ஜெயித்தது. பாஸ்டன்காரன் கரித்தூள் அனுப்பாமல் மரத்தூள் அனுப்பியதும் அதனால்தான்.

உட்லண்ட்ஸ்_தாத்தா · அடுத்த சனி, மாலை 4:30

அடுத்த முறை ஏர்கான் அறைக்குள், சன்னல் வெயிலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. காற்று கொஞ்சம் உலர்ந்திருக்கும். என் கரி இன்னும் கொஞ்சம் முந்தும்.

செங்காங்_அப்பா · அடுத்த சனி, மாலை 5:10

சொல்கிறேன் தாத்தா. ஆனால் இப்போது வேறு பிரச்சினை. மரச்சீவல் முக்கால் மூட்டை மீதி இருக்கிறது, அதை வீணாக்கக் கூடாது, அதனால் ஹாம்ஸ்டர் வாங்கியே ஆக வேண்டும் என்கிறாள்.